அது யாருக்க அளவு

தையல்காரர் ரெத்தினதாஸுக்குப் பிழை பொறுக்காது. அதுதான் அவருடைய குணம், கடைசியில் அவருக்கு வந்த வினையும் அதுதான். சட்டையில் ஒரு தையல் கோணிப்போனால் கை முழுவதையும் பிரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். சாயக்கடையில், டீக்கடை என்பீர்களே, அதன் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால், சாயையைக் கீழே வைத்துவிட்டு, காதில் சொருகிய பென்சிலை எடுத்து அதைச் சேர்த்துவிட்டு வருவார். ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "அந்த ஆளுக்க கல்யாணத்திலே போதகரு ஒரு வார்த்தை விட்டுப்போட்டாரு, மாப்பிள்ளையாக்கும் எடுத்துக் குடுத்தது" என்று ஒரு கதை உண்டு. அவர் மனைவி ஞானபாயிடம் கேட்டால், கதை இல்லை, நடந்ததுதான் என்பாள்.

கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பாறசாலையிலிருந்து குளத்தூருக்கு இறங்குகிற ரோட்டில், சாயக்கடையை ஒட்டி, ஒரு மெஷினும் ஒரு பலகையும் போடுகிற இடம். பலகைக்கு மேலே ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கும். அளவு நோட்டு. பேர், பேருக்கு நேரே நீளம், தோள், கை, மார்பு, கழுத்து. எல்லாம் தமிழில் எழுதியிருப்பார். மலையாளமும் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தது அதுதான். தமிழ் எழுத்து மிஷன் கோயிலில் வேதம் வாசித்துப் படித்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நாக்கு இரண்டு பேச்சிலும் புரளும், கேட்கிறவன் எதில் கேட்கிறானோ பதில் அதில் தானாக வந்துவிடும். ஆனால் இரண்டு எழுத்தும் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் கடிதம் வாசிக்க, பத்திரம் வாசிக்க எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் வேதபாடம் வாசிக்கிறதும் அவர்தான். ஓர் எழுத்தை விழுங்க மாட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்கிற, காது மந்தமான ராஜபாய்க்குக்கூட வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். "ரெத்தினதாஸ் வாசிச்சா பிரசங்கம் வேண்டாம்" என்று டீக்கனார் ஈசாக், போதகர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சைக் கேட்டால் ரெத்தினதாஸுக்கு முகம் சிவந்துபோகும், ஆனால் உள்ளுக்குள் பிடித்திருக்கும்.

ஐம்பத்திநாலாம் வருஷம் எல்லைப் போராட்டம் கொதித்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம், ஜாதா ஊர்வலம், மறியல். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் இந்தக் கிராமங்களையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். ரெத்தினதாஸின் சினேகிதன் விஜயதாஸ் போராட்டம் நடத்துகிற சங்கத்து ஆள். சனிக்கிழமை தோறும் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்து நாட்டு நடப்பு பேசுவான். அவன் கொண்டுவந்து கொடுத்த துணியில் ரெத்தினதாஸ் பன்னிரண்டு கொடி தைத்துக் கொடுத்தார். வாழ்நாளில் அவர் செய்த அரசியல் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாதம் விளவங்கோடு பக்கம் போலீஸ் துப்பாக்கியெடுத்து வெடி வைத்தது. ஆட்கள் செத்தார்கள். பிறகு ஊர் ஊராக லாரியில் வந்து இறங்கிக் கண்ணில் பட்டவனையெல்லாம் அடித்தார்கள். ஆண்பிள்ளைகள் தென்னை விளைகளுக்குள்ளும் பாறை இடுக்கிலும் பதுங்கிக் கிடந்தார்கள். விஜயதாஸ் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. "நீங்களும் கொஞ்ச நாள் எங்கேயாவது மாறி இருங்க" என்று ஞானபாய் கெஞ்சினாள். "நான் என்ன செய்தேன் ஓடுறதுக்கு? துணி குடுத்தாங்க, தைச்சேன்" என்றார் ரெத்தினதாஸ்.

ஒரு வியாழக்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில், லாரி அவர் கடை வாசலிலேயே நின்றது. வடக்கேயிருந்து வந்த ஒரு இன்ஸ்பெக்டர், தோளில் துப்பாக்கியோடு நாலு போலீஸ்காரர்கள். மெஷினுக்கு அடியில் கிடந்த கொடித் துணியின் மிச்சம் ஒரு முழம் அகப்பட்டது. ஓங்கி ஒரு அடி. மூக்குக் கண்ணாடி தெறித்து ரோட்டில் விழுந்தது. எடுத்து மாட்டிக்கொண்டார், ஒரு கண்ணாடியில் கீறல். இன்ஸ்பெக்டர் ஆணியில் தொங்கிய நோட்டைப் பிடுங்கிப் புரட்டினான். வரிசை வரிசையாகப் பேர், பேருக்கு நேரே எண்.

"லிஸ்ட் ஆணோடா இது?"

"அல்ல ஸாரே, அளவாணு. உடுப்பின்டெ அளவு."

நம்பவில்லை, போராட்டக்காரர்களின் லிஸ்ட் என்றே நினைத்தான். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. கூட வந்தவர்களில் சோமன் என்கிற போலீஸ்காரன் நெய்யாற்றின்கரைக்காரன், தமிழ் கேட்டால் விளங்கும், ஆனால் எழுத்து அவனுக்கும் தெரியாது. இன்ஸ்பெக்டர் நோட்டை ரெத்தினதாஸின் நெஞ்சில் குத்தி, "வாயிக்கெடா", வாசிடா, என்றான். சோமனைப் பார்த்து, எழுதிக்கொள் என்று கை காட்டினான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கடைக்குள் அந்த நேரம் தமிழ் எழுத்து தெரிந்த ஒரே ஆள் ரெத்தினதாஸ். நோவா, மோசே, யோசுவா என்று வாசித்திருந்தாலும் சோமன் எழுதிக்கொண்டு போயிருப்பான். கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறவர்களின் பேரை வாசித்திருக்கலாம். இதெல்லாம் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறவனுக்குத் தோன்றுமா? தோன்றாது ஐயா. வீட்டில் சாய்ந்திருந்து கேட்கிற உங்களுக்கும் எனக்கும்தான் தோன்றும். ரெத்தினதாஸ் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, எழுதினதை எழுதினபடி வாசித்தார். கோயிலில் வாசிக்கிற அதே குரல், அதே தெளிவு. பதினொரு பேர்.

அதோடு நின்றிருந்தாலும் போயிற்று என்று விடலாம். வாசித்துக்கொண்டே அவருடைய கண் சோமன் எழுதுகிற தாளின்மேல் விழுந்தது. ஏழாவது பேரைச் சோமன் மலையாளத்தில் 'செல்லப்பன்' என்று எழுதியிருந்தான்.

"செல்லப்பன் அல்ல ஸாரே," என்றார் ரெத்தினதாஸ். "செல்லசாமி."

சோமன் நிமிர்ந்து அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தினான். செல்லப்பன் என்று அந்த ஊரில் ஒருவனும் கிடையாது.

செல்லசாமி ஊரை அடுத்த கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தான். மரச்சீனிக் கிழங்கு வெட்டிக் காயவைத்துக் காட்டாக்கடைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். ஜாதாவுக்குப் போனதும் கிடையாது, கொடி பிடித்ததும் கிடையாது. அதுவரை தோளில் ஒரு துண்டோடு காலம் கழித்தவன், கொழுந்தியாள் கல்யாணத்துக்கென்று முதல்முதலாக ஒரு சட்டைக்குத் துணி எடுத்துக் கொடுத்திருந்தான். வெள்ளையில் நீலக்கோடு. வெட்டி வைத்தாயிற்று, தைக்கவில்லை. லாரி போய் நின்று "செல்லசாமி ஆரு?" என்று கேட்டபோது அவன் கையிலிருந்த மரச்சீனிப் பாலைத் துடைத்துக்கொண்டே, "நானாக்கும்" என்று எழுந்து வந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டதால் ஏதோ காரியமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தானாம். அவன் மனைவி குமாரி சொன்னது இது.

ஒன்பதாம் நாள் விட்டார்கள். இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். நெஞ்சில் பூட்ஸ் கால் பதிந்திருந்தது. இருமினால் ரத்தம். பதினேழாம் நாள் செத்துப்போனான். மற்ற பத்துப் பேரும் கை ஒடிந்தும் காது கேளாமலும் உயிரோடு வந்துசேர்ந்தார்கள்.

ரெத்தினதாஸ்மேல் யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் அதிசயம். நோட்டை வாசித்தது அவர்தான் என்று ஊர் முழுக்கத் தெரியும். கை ஒடிந்து வந்த ராஜப்பனே கடைக்கு வந்து, "அண்ணே, வெசனப்படாதீங்க. தோக்கு முன்னால ஆருதான் வாசிக்க மாட்டா?" என்று தேற்றிவிட்டுப் போனான். ரெத்தினதாஸ் வாயைத் திறப்பார். "வாசிச்சது மட்டும் இல்ல..." என்று தொடங்குவார். "விடுங்க, விடுங்க" என்று அந்த நல்ல மனுஷன் தோளில் தட்டிக் கொடுத்து வாயை மூடிவிடுவான். தேற்ற வந்தவர்கள் அத்தனை பேரும் இதைத்தான் செய்தார்கள். முதல் வாக்கியத்தை மன்னித்தார்கள், இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல விடவில்லை.

உறக்கம் போயிற்று. லாரிச் சத்தம் கேட்டால் ஊசி விரலில் ஏறும். அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேர்ப்பட்டியலாக வருகிற ஓர் அதிகாரம் வாசிப்புக்கு வந்தது. கோத்திரம் கோத்திரமாக, இன்னாருடைய மகன் இன்னார் என்று போகும். ஆறு பேர்களை வாசித்தார். ஏழாவது பேரில் நின்றார். கோயில் காத்திருந்தது. ரெத்தினதாஸ் புத்தகத்தைப் பார்த்தபடியே, அதே தெளிவான குரலில், "நீளம் இருபத்தெட்டு. தோள் பதினேழு. கை ஒன்பது. மார்பு முப்பத்தாறு. கழுத்து பதினாலரை" என்று வாசித்தார். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஞானபாய் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அன்றிலிருந்து அதுதான் அவர் வாயில். மெஷின் மிதிக்கும்போது, கஞ்சி குடிக்கும்போது, ரோட்டில் போகும்போது, நீளம் இருபத்தெட்டு, தோள் பதினேழு. ஊரில் அவருக்கு 'இருபத்தெட்டு' என்று பேர் விழுந்தது. எந்தத் துன்பத்துக்கும் ஒரு பட்டப்பேர் வைக்காமல் இருக்க முடிகிறதா நம்மால்?

சபையார் கைவிட்டார்கள் என்று மட்டும் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். பெண்கள் முறை போட்டுக் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தார்கள். டீக்கனார் ஈசாக் உபவாசம் இருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்தார்கள், மிஷன் ஆஸ்பத்திரியில் டானிக் எழுதி வாங்கினார்கள். இதெல்லாம் போதாதென்று ஞானபாய் ஒரு நாள் முக்காடு போட்டுக்கொண்டு பூவாரில் ஒரு மந்திரவாதியிடம் போய்ச் சரடு வாங்கிவந்தாள். போதகருக்கு இன்றுவரை அது தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அத்தனை பேரும் தேவனிடம் கேட்டார்கள், டாக்டரிடம் கேட்டார்கள். அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் குமாரியின் வீட்டுக்கு யாரும் போகவில்லை. அவள் சபையைச் சேர்ந்தவள் இல்லை, அதனால் ஜெபக்கூட்டம் கிடையாது, முறைக் கஞ்சியும் கிடையாது. சொந்தக்காரர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, அவரவர் ஊருக்கு வண்டி ஏறினார்கள். நாலு வயது மகள் பிரேமகுமாரியை வைத்துக்கொண்டு அவளே மரச்சீனி வெட்டினாள், அவளே சந்தைக்குச் சுமந்தாள். அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. "நெஞ்சு உரம் உள்ளவ" என்று பெண்கள் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டால் பார்க்கப் போகவேண்டியதில்லை.

ஐம்பத்தியாறு நவம்பரில் எல்லை பிரிந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டோடு அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை மலையாள ராஜ்யத்தோடு இந்தப் பக்கம். களியக்காவிளையில் கோடு விழுந்தது. எதற்காகப் பதினொரு பேர் அடி வாங்கினார்களோ அது இந்த ஊருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் வெடி வைத்த சத்தம் இங்கே கேட்டது, ஆனால் அது ஆனந்த வெடி. விஜயதாஸ் மார்த்தாண்டத்துக்குக் குடிபோய்விட்டான். சனிக்கிழமைப் பலகையில் உட்கார ஆள் இல்லை. போராட்டம் என்று பேச்செடுத்தால், "அது முடிஞ்ச காரியமில்லியா, விடு" என்று எல்லாரும் எழுந்துபோனார்கள். கஞ்சி முறை மெதுவாக நின்றது. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வந்த ஏழு பேர் மூன்றானார்கள், பிறகு டீக்கனார் மட்டும். இரண்டு வருஷம் ஆகிவிட்டது, மனுஷருக்குச் சலிக்காதா? ரெத்தினதாஸ் பகல் முழுதும் கடையில் உட்கார்ந்து ஒரே துணியை வெட்டாமல் அளந்துகொண்டிருந்தார். யாரும் துணி கொடுப்பதில்லை.

ஐம்பத்தியேழு ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது குமாரி கடைக்கு வந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை. தலைச்சுமையைத் திண்டில் இறக்கி வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு எனக்க ஆளு ஒரு துணி தந்தாரே. வெள்ளையிலே நீலக்கோடு. இருக்கா? பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டை வேணும்."

ரெத்தினதாஸ் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். முன்பக்கம் இரண்டு, முதுகு, கை இரண்டு, காலர். வெட்டினபடியே, சுண்ணக்கட்டியால் எண் எழுதினபடியே இருந்தது. பலகையில் விரித்து வைத்தார். வைத்துக்கொண்டே அவர் உதடு அசைந்தது.

"நீளம் இருபத்தெட்டு. தோள் பதினேழு. கை ஒன்பது."

குமாரி துணியை எடுக்கப்போன கையை நிறுத்தினாள். சந்தைக்குப் போகிற வழியில் எத்தனையோ தடவை அவர் இதைச் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டிருக்கிறாள். பிராந்து, கிறுக்கு என்று ஒதுங்கிப் போயிருக்கிறாள். இன்று ஒதுங்க இடமில்லை.

"அண்ணே," என்றாள். "அது யாருக்க அளவு?"

பாருங்கள், எவ்வளவு சின்னக் கேள்வி. மூன்று வருஷம், ஒரு சபை, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு மந்திரவாதி. ஒருவருக்கும் இது வாயில் வரவில்லை.

ரெத்தினதாஸ் கண்ணாடியைக் கழற்றினார். கீறல் விழுந்த அதே கண்ணாடி. "செல்லசாமிக்க அளவு" என்றார். அந்தப் பேரைச் சொல்லி அத்தனை காலம் ஆகியிருந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை.

"நான் வாசிச்சேன், குமாரி. அது எல்லாருக்கும் தெரியும். அது மட்டும் இல்ல. அவன் தப்பா எழுதினான். செல்லப்பன்னு எழுதினான். நான் திருத்திக் குடுத்தேன். செல்லப்பன் இல்ல, செல்லசாமின்னு சொன்னேன். யாரும் என்கிட்ட கேக்கல்ல. அதுக்காக அடிக்கவும் இல்ல. பிழையா கெடந்தது, திருத்திட்டேன்."

சாயக்கடையில் யாரோ கண்ணாடித் தம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது.

"செல்லப்பன்னு விட்டிருந்தா?" என்றாள் குமாரி.

"அப்பிடி ஒருத்தன் இஞ்ச இல்ல. தேடிட்டுப் போயிருப்பாங்க."

அவள் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. துணித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மடித்து, இடுப்பில் சொருகி, சுமையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகாமல் வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அன்று இரவு ரெத்தினதாஸ் உறங்கினார். மறுநாளும் உறங்கினார். ஒரு வாரத்தில் வாயில் அளவு நின்றது. சபையில் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கொண்டாடினார்கள். ஜூலை மாதம் பழையபடி வேதபாடம் வாசித்தார்; குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் எழுத்து பிசகவில்லை. டீக்கனார் ஈசாக், அடுத்த கூட்டத்தில் சாட்சி சொல்ல வேண்டும், கர்த்தர் எப்படிச் சுகம் தந்தார் என்று எல்லாரும் கேட்கட்டும் என்றார். ரெத்தினதாஸ் தலையாட்டினார். நன்றாக இருந்தது அவருக்கு, மூன்று வருஷத்துக்குப் பிறகு நன்றாக இருந்தது. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் ஞானபாய் மீன் வாங்கிக்கொண்டு வந்தவள், கூடையை வைக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"குமாரிக்குச் சொகமில்ல" என்றாள்.

"என்ன தீனம்?"

"தீனமா? ரோட்டிலே போறவன் வாறவனை எல்லாம் பிடிச்சு நிறுத்தி, இஞ்ச செல்லப்பன்னு ஆராவது உண்டான்னு கேக்குதாளாம். அடுப்பு பத்த வைக்கல்ல. பிள்ளை பள்ளிக்கூடம் போகல்ல. மீன்காரி சொல்லுதா, நேத்தைக்கு நடுரோட்டிலே பஸ்ஸை மறிச்சு, கண்டக்டருகிட்ட கேட்டாளாம், உனக்க பேரு செல்லப்பனாடான்னு." ஞானபாய் கூடையைக் கீழே வைத்தாள். "நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க?"

அப்போதுதான் ரெத்தினதாஸ் மனைவியிடம் சொன்னார். கேட்டு முடித்தபோது ஞானபாய்க்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று வருஷம் தன்னிடம் சொல்லாததற்கு ஒரு பங்கு. மிச்சமெல்லாம் குமாரியிடம் சொன்னதற்கு.

"நீங்க இறக்கி வச்சுட்டு ஒறங்குதீங்க. அவ தூக்கிட்டு நடக்குதா" என்றாள். "எனக்கு நாலு பேரு கஞ்சி கொண்டுவந்தாங்க. அவளுக்கு ஆரு உண்டு? நானும் போகல்லியே. கால்வாய்க்கு அந்தப் பக்கம்தானே, ஒரு நாள் நான் போனேனா?" சொல்லிக்கொண்டே அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

கஞ்சிப் பானையை ஞானபாய் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ரெத்தினதாஸ் பின்னால் போனார். கால்வாய்ப் பாலத்தில் அவருக்குக் கால் நின்றது. "நான் எப்பிடி அவ முகத்திலே முழிப்பேன்? என்ன சொல்லுவேன்?" என்றார். "ஒண்ணும் சொல்லவேண்டாம். சொன்னது போதும். போய் இருங்க" என்றாள் ஞானபாய்.

முற்றத்தில் பாதி வெட்டின மரச்சீனி கறுத்துப்போய்க் கிடந்தது. குமாரி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தத் துணித் துண்டுகள். பிள்ளை சுவர் ஓரமாக ஒட்டி நின்று இவர்களைப் பார்த்தது. ஞானபாய் நேராக உள்ளே போனாள், பாத்திரம் தேடினாள், பிள்ளையைக் கூப்பிட்டு மடியில் இருத்திக் கஞ்சியை ஊட்டினாள். ரெத்தினதாஸ் முற்றத்தில், குமாரிக்குப் பத்தடி தள்ளி, வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன வேணும்?" என்றாள் குமாரி.

"ஒண்ணும் வேண்டாம். இருக்க வந்தேன்."

"பொறுத்தேன்னு சொல்லச் சொல்லுதீங்களா? சொல்ல மாட்டேன்."

"வேண்டாம்."

வெயில் முற்றத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. ரெத்தினதாஸ் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். கூட்டத்தில் சாட்சி சொல்ல அவர் போகவில்லை. டீக்கனார் ஆளனுப்பினார், "எனக்கு இஞ்ச வேலை உண்டு" என்று சொல்லிவிட்டார். குமாரி சில நாள் அவரை வாய்க்கு வந்தபடி பேசினாள். சில நாள் அவர் முகத்துக்கு நேரே, "உங்க பேரு செல்லப்பனா?" என்று கேட்டாள். "இல்ல, ரெத்தினதாஸ்" என்பார். சில நாள் பேச்சே கிடையாது. ஞானபாய் மரச்சீனியை வெட்டிக் காயப்போட்டாள், பிள்ளைக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள்.

எத்தனையோ நாள் கழித்து, ஒரு மத்தியானம், குமாரி மடியில் இருந்த துணியைத் தடவிக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"அதைச் சொல்லுங்க."

"எதை?"

"அளவை."

ரெத்தினதாஸ் அதை விட்டு மாதக்கணக்கு ஆகியிருந்தது, இனி நாக்கில் வைக்கக் கூடாது என்று இருந்தார். ஞானபாய் அவரைப் பார்த்தாள். அவர் சொன்னார்.

"நீளம் இருபத்தெட்டு."

குமாரி முதுகுத் துண்டை எடுத்துத் தன் முன்னால் பிடித்து, அதன் நீளத்தை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"தோள் பதினேழு. கை ஒன்பது. மார்பு முப்பத்தாறு."

"இல்ல" என்றாள்.

ரெத்தினதாஸ் நிறுத்தினார். துணியில் சுண்ணக்கட்டி எழுத்தும் முப்பத்தாறு என்றுதான் இருந்தது. அவர் கையால் டேப் பிடித்து எடுத்த அளவு.

"முப்பத்தாறு இல்ல அண்ணே. முதல் சட்டையில்லா? கூச்சத்திலே ஆளு மூச்சைப் பிடிச்சு நெஞ்சை நிமுத்திட்டு நின்னிருக்கும். உங்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியாதா?" குமாரி இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஓர் ஆளைச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி வளைத்தாள். விரல்கள் ஒன்றை ஒன்று தொட்டன. வளையத்துக்குள் ஒன்றும் இல்லை. "இவ்வளவுதான் இருப்பாரு. முப்பத்திநாலு." கையை அப்படியே வைத்துக்கொண்டு அவள் அழுதாள். செல்லசாமி செத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு, ஊர் கேட்க, வாய் விட்டு அழுதாள். ஞானபாய் போய் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

ரெத்தினதாஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். குமாரியின் மடியிலிருந்து நழுவிக் கிடந்த முன்பக்கத் துண்டை முழங்கால்மேல் விரித்து, முப்பத்தாறை அடித்துவிட்டு, பக்கத்தில் முப்பத்திநாலு என்று எழுதினார்.

அழுகை ஓய வெகுநேரம் ஆயிற்று. குமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"திருத்தியாச்சா?"

"திருத்தியாச்சு."

"அப்போ முதல்லேயிருந்து சொல்லுங்க."

"நீளம் இருபத்தெட்டு," என்று தொடங்கினார் ரெத்தினதாஸ். "தோள் பதினேழு. கை ஒன்பது. மார்பு முப்பத்திநாலு."